தொண்டும் தொழும்பும்

விளக்குமாற்றுக்கும் வரலாறு உண்டோ என்று கேட்பவர் இருக்கலாம். அரசர்க்கும் அவர்தம் வாளுக்கும் வரலாறு எழுதிப் பழகிய நமக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. ஆயின் ஏருக்கு வரலாறு உண்டெனின், தறிக்கு வரலாறு உண்டெனின், தெருக்கூட்டும் ஈர்க்குக் கட்டுக்கும் வரலாறு இருந்தே தீரவேண்டும். ஏரைப் பிடித்தவன் யார், விளைந்ததைக் கொண்டுபோனவன் யார் என்று வினவுவதுபோலவே, குப்பையைப் போட்டவர் யார், கூட்டியவர் யார் என்றும் வினவலாம். யாழ்ப்பாணத்தில் இவ்வினாவுக்கு விடை காண்பது அத்துணைக் கடினமன்று. கண்ட விடையை வாய்விட்டுச் சொல்வதே கடினம்.

எமக்கு இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. சனிக்கிழமை ஒன்றிற் காலைவேளை, எமது மாணவர் இருபதின்மர் அளவில் எம்முடன் வர, இணுவிலில் உள்ள சிறு பூங்கா ஒன்றைத் துப்புரவு செய்யச் சென்றோம். பூங்கா என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்காகவே. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், மூன்று வேம்பு, மூன்று பக்கமும் மதில், அவ்வளவுதான். ஊஞ்சலின் கீழே சொப்பிங் பைகள். வேம்பின் வேரிடையே மென்பானப் போத்தல்கள், யோகட் கோப்பைகள், உடைந்த சாராயப் போத்தலின் கண்ணாடிச் சில்லுகள். மதிலிலோ இடமே இல்லை. தேர்தல் முகங்களின்மேல் ரியூசன் விளம்பரங்கள், ரியூசன் விளம்பரங்களின்மேல் காதலர் பெயர்கள், அவற்றின்மேல் யாரோ ஒருவர் யாரையோ ஏசிய வசனம். 2025ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் அரசாங்கம் ‘கிளீன் சிறீலங்கா’ என்னும் செயற்றிட்டத்தைத் தொடக்கிவைத்தபின் இத்தகைய பணிகளுக்கு ஒரு வேகம் பிறந்திருக்கிறது. வேகம் நல்லதே. நாமும் அவ்வேகத்திலே போனவர்கள்தாம்.

மாணவர் சிலர் கடகம் எடுத்தனர். சிலர் விளக்குமாறு எடுத்தனர். சிலர் சுண்ணாம்பு கரைக்கத் தொடங்கினர். பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் மட்டும் படலையடியிலே நின்றான். கணக்கிலே கெட்டிக்காரன், சோம்பேறியல்லன். ஏன் நிற்கிறாய் என்றோம். நெடுநேரம் பேசாதிருந்து, “அம்மா விளக்குமாறு தொட வேண்டாம் எண்டவா, சேர். மண்வெட்டி எண்டாத் தாங்கோ, கொத்துறன்” என்றான். செல்லம் கொடுத்து வளர்த்த தாய்போலும் என்று எண்ணிக்கொண்டோம். உழைப்பின் மேன்மை பற்றி நாலு வார்த்தையும் சொன்னோம். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். அவனுடைய தந்தையும், தந்தையின் தந்தையும், அவருக்கு மூத்தவரும் நகரத்துத் தெருக்களைக் கூட்டிய சுகாதாரத் தொழிலாளர் என்பதை நாம் அறிந்தது மறுவாரம். உழைப்பின் மேன்மையை நாம் யாருக்குப் போதித்தோம் என்பதை எண்ணும்போது இன்றும் எமக்குக் கூசுகிறது. இக்கட்டுரை அக்கூச்சத்திலிருந்து பிறந்தது.

தமிழர் வரலாற்றிலே தானாக முன்வந்து பொதுவிடத்தைத் துப்புரவு செய்தவர் யாரென்று தேடினால் முதலிலே நம் கண்முன் நிற்பவர் திருநாவுக்கரசர். கி.பி. ஏழாம் நூற்றாண்டினரான அவரைச் சிற்பிகள் கையில் உழவாரத்துடனேயே வடித்தனர். மற்றை நாயன்மார் கையில் மணிமாலையும் தாளமும் இருக்க, இவர் கையில் மட்டும் புல்செதுக்கும் கருவி இருப்பது சாதாரண விடயமன்று. அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகைக் கோயிலில் வைகறையில் அலகிட்டு மெழுகியதைச் சேக்கிழார் சொல்கிறார். சைவம் தழைத்த இணுவிலில், கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்தைக் காண ஊர்கூடும் நாளுக்கு முன்பு வீதி கூட்டுவோர் பலர், தாம் அப்பர் மரபிலே நிற்பதாகவே கருதுவர். அக்கருத்தை நாம் பழிக்கவில்லை. உழைக்கும் கையைத் தெய்வத்தின் முன்னே நிறுத்திய பெருமை அம்மரபுக்கு உண்டு.

ஆயின் அதே பெரியபுராணத்திலே இன்னொருவர் வருகிறார். ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்த திருநாளைப்போவார். கோயில்களின் முழவுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தவர். கொடுத்த பொருள் உள்ளே போயிற்று, கொடுத்தவர் வெளியே நின்றார். தில்லைக்குச் சென்றபோது தீயிலே மூழ்கி எழுந்தபின்னரே அவர் உள்ளே போக முடிந்தது. தில்லைச் சிற்றம்பலத்துக்குத் தமிழிலே ‘பொது’ என்றும் ஒரு பெயர் உண்டு. பொது என்று பெயரிட்ட இடத்துக்குள் நுழைய ஒருவர் நெருப்பிலே குளிக்க வேண்டியிருந்தது என்பதைக் காட்டிலும் நமது சமுதாய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லும் கதை வேறொன்று இருப்பதாக நாம் நினைக்கவில்லை.

தொண்டு, தொழும்பு என்னும் இரண்டு சொற்களும் பணி செய்தலையே குறிப்பன. ஆயினும் வழக்கிலே தொண்டர் என்றால் கை கூப்புகிறோம். தொழும்பர் என்றால் அடிமை என்று பொருள் கொள்கிறோம். கையிலிருக்கும் கருவி ஒன்று, செய்யும் வேலை ஒன்று, அள்ளும் குப்பையும் ஒன்று. வேறுபாடு எங்கே இருக்கிறது? ‘செய்யமாட்டேன்’ என்று சொல்லும் உரிமை ஒருவனுக்கு இருந்தது, மற்றவனுக்கு இல்லை. வீதி கூட்டியபின் வீடு திரும்பிக் குளித்துத் திருநீறணிந்து முதலாளியாகவோ உத்தியோகத்தராகவோ ஆகிவிடக்கூடியவன் செய்தது தொண்டு. கூட்டி முடித்த பின்னரும் கூட்டுபவனாகவே எஞ்சியவன் செய்தது தொழும்பு.

இவ்வுரிமையின்மை வெறும் வழக்கமாக இருந்ததன்று. ஆட்சியின் ஆணையாகவும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குறித்த சில குலத்தவரிடமிருந்து ஆண்டுதோறும் கூலியின்றி வாங்கிய வேலைக்கு ‘ஊழியம்’ என்று பெயர். கோட்டை வேலையும் பாரஞ் சுமத்தலும் அதனுள் அடங்கின. இன்று கிறித்தவர் இறைபணிக்கும், நாம் அனைவரும் அலுவலகப் பணிக்கும் வழங்கும் சொல் அதுவே. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகள் பற்றித் தனிப் பகுதியே உண்டு. சீதனத்தையும் தோட்டந் துரவையும் போல மனிதரும் கைமாறிய காலம் அது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844இல். ஒழிந்தது சட்டத்திலே, குடிமைமுறை என்னும் பெயரில் வளவுகளிலும் வாழ்விலும் சாவிலும் அது எத்தனை தலைமுறை நீடித்தது என்பதை எமது பாட்டன்மார் சொல்லமாட்டார்கள், அவர்களுக்குக் குடிமை செய்தவர்களின் பேரன்மார் சொல்வார்கள்.

தென்னிலங்கையிலே இராசகாரியம் என்னும் கட்டாய வேலை 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி ஒழிக்கப்பட்டது. இனி எவனும் கூலியின்றி வேலை செய்ய வேண்டியதில்லை என்ற மகிழ்ச்சி பதினாறு ஆண்டுகளே நிலைத்தது. 1848இல் வந்த வீதிச் சட்டம், பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையான ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணங் கட்டவேண்டும் என்று விதித்தது. முதலிலே புத்த பிக்குகளுக்குக்கூட விலக்கில்லை. மற்றை வரிகளோடு இதுவும் சேர்ந்து மூட்டிய தீயே அவ்வாண்டு மாத்தளையில் எழுந்த கிளர்ச்சி. ஆறு நாள் வேலையோ, பணமோ என்ற அந்த ‘அன்றேல்’ என்ற சொல்லில் வாசகர் சற்று நிற்கவேண்டும். பணமுள்ளவன் சில சில்லிங்குகளை எறிந்துவிட்டு வீட்டில் இருந்தான். இல்லாதவன் கல்லுடைத்தான். ‘எல்லோர்க்கும் பொதுவான’ கடமை என்று எழுதப்பட்ட சட்டம் ஏழையின் முதுகிலே மட்டும் இறங்கும் விதத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளியல் நூலும் காட்டாது.

பூங்கா என்ற எண்ணமும் நமக்கு ஆட்சியாளர் வழியாகவே வந்தது. பழைய ஊர்களிலே கோயில் வீதி இருந்தது, குளக்கரை இருந்தது, வழிப்போக்கர் இளைப்பாறும் மடம் இருந்தது, சுமைதாங்கி இருந்தது. சுமைதாங்கியில் யாரும் சுமை இறக்கலாம். ஆனால் மடத்துக் கிணற்றிலே யாரும் தண்ணீர் அள்ளலாம் என்றிருக்கவில்லை. யாழ்ப்பாண நகரத்திலே ‘பழைய பூங்கா’ என்று இன்றும் வழங்கும் இடம், 1829 முதல் 1867 வரை வடமாகாணத்து அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவர் தமது வாசத்துக்கென உண்டாக்கிய சோலை. முப்பத்தெட்டு ஆண்டு ஒரே மாகாணத்தைச் சிற்றரசர்போல் ஆண்ட அவர், மரம் நடுவதில் மெய்யான ஆர்வமுடையவர் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் அம்மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றியவர் பெயரும், உதிர்ந்த இலையைக் கூட்டியவர் பெயரும் எந்தக் கச்சேரிப் பதிவேட்டிலும் இடம்பெறும் வழக்கம் இருக்கவில்லை.

நகரம் வளர, குப்பையும் வளர்ந்தது. மலகூடங்களின் வாளிகளை விடியுமுன் அகற்ற ஆள் வேண்டியிருந்தது. ஊரவர் எவரும் அவ்வேலைக்கு வரமாட்டார் என்ற நிலையில், நகராட்சியினர் தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்ட மக்களிடையே இருந்து தொழிலாளரைக் கொண்டுவந்து குடியேற்றினர். வேலைக்கு வேண்டியவர், வேலை முடிந்தபின் வேண்டாதவர். இந்திய வமிசாவளியினரைப் பல்லாயிரக்கணக்கில் நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்தோடு நின்றதென்று நாம் பாடம் நடத்துகிறோம். நகரங்களின் தெருக்கூட்டுவோர் குடியிருப்புகளிலும் அதன் நிழல் விழுந்தது. நாட்டைத் துப்புரவு செய்தவனுக்கு நாடு இல்லை என்றாயிற்று. படலையடியில் நின்ற எமது மாணவனின் முப்பாட்டனார் வந்த வழி இதுவே.

இந்நிலையை எதிர்த்து யாழ்ப்பாணத்திலே குரலே எழவில்லை என்று சொல்வது அநீதி. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரசு ஆன இயக்கம், ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களின் வழிநடத்தலில், தீண்டாமையைத் தன் முதற் பகையாகக் கொண்டது. பாடசாலைகளிலே ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் தரையிலோ பள்ளிக்கு வெளியிலோ இருக்க வேண்டியிருந்த நாட்களில் சம ஆசனம், சம போசனம் என்னும் கோரிக்கைகள் எழுந்தன. அவற்றை எதிர்த்துப் பள்ளிக் கொட்டில்களுக்குத் தீ வைத்தவரும் நம்மவரே. அவ்வியக்கத்தின் அழைப்பையேற்று 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். இணுவிலுக்கு அயலிலே மருதனார்மடத்தில் உள்ள இராமநாதன் கல்லூரியிலும், உடுவில் மகளிர் கல்லூரியிலும் மாணவிகளிடையே பேசினார்.

காந்தியடிகளைப் பற்றி இவ்விடத்திலே இரண்டு செய்தி சொல்லவேண்டும். 1901இல் கல்கத்தாவில் நடந்த காங்கிரசு மாநாட்டிலே மலகூடங்கள் நாறிக் கிடந்தபோது, தாமே விளக்குமாறு ஒன்றைக் கேட்டு வாங்கித் தாம் பயன்படுத்தியதைத் துப்புரவு செய்தவர் அவர். மேற்குலத்தான் ஒருவன் அவ்வேலையைத் தன் கையால் செய்வது அன்று சிறு புரட்சியே. மற்றைச் செய்தி, அவர்மீது அம்பேத்கர் தொடுத்த விமரிசனம். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்க்குச் செய்தது யாதென 1945இல் வெளியிட்ட நூலிலே, தோட்டித் தொழிலை உயர்ந்த தொண்டு என்று புகழ்ந்து, அதைச் செய்வோரை அதிலேயே இருக்கச் செய்வது கொடுமை என்று அவர் வாதிட்டார். ஒரு தொழிலைப் புகழ்வதால் அத்தொழிலிலே அடைபட்டவனுக்கு விடுதலை வந்துவிடாது. இவ்விருவருள் யார் பக்கம் என்று மாணவர் எம்மைக் கேட்பதுண்டு. மேற்குலத்தான் விளக்குமாறு எடுப்பதற்குக் காந்தியின் வழி வேண்டும். அடைபட்டவன் விளக்குமாற்றைக் கீழே போடுவதற்கு அம்பேத்கரின் வழி வேண்டும் என்போம். பூங்காவிலே அந்தச் சனிக்கிழமை இவ்விரண்டும் ஒரே படலையடியிலே சந்தித்தன, நாம்தான் கண்டுகொள்ளவில்லை.

சட்டம் 1957இல் வந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் அச்சட்டத்தின்படி, பொதுவிடங்களிலே சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. ஆயினும் தேநீர்க் கடைகளிலே போத்தலும் சிரட்டையும் போகவில்லை. கோயிற் கதவுகளும் திறக்கவில்லை. ஆகவே 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. இடதுசாரிப் பொதுவுடைமையாளர் முன்னின்று நடத்திய அவ்வூர்வலத்தைப் பொலிசார் தடியால் தாக்கினர். தாக்குண்டவர் கலையாது சென்று முற்றவெளியிலே கூடினர். சுன்னாகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே காங்கேசன்துறை வீதியிலே கிடப்பது இணுவில். எமது பூங்காவிலிருந்து அவ்வீதிக்குச் சில நிமிட நடை. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நடந்த போராட்டமும் அந்நாளின் தொடர்ச்சிகள். எமது மாணவருள் ஒருவர்கூட அந்நாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை. குற்றம் அவர்களுடையதன்று.

இன்று ‘சிரமதானம்’ என்ற சொல்லைப் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் நாளாந்தம் வழங்குகிறோம். அச்சொல்லை நாடெங்கும் பரப்பிய இயக்கத்தின் தொடக்கம் எங்கே என்பதை அறிந்தவர் சிலரே. 1958 டிசம்பரிலே கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின, அப்போது இருபத்தேழு வயதினர், தம் மாணவரை அழைத்துக்கொண்டு குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னும் ஊருக்குச் சென்றார். அது ரொடியா எனப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர். சிங்களச் சாதியமைப்பின் கடைப்படியிலும் அன்று, அப்படிக்கும் வெளியே தள்ளப்பட்டவர் அவர்கள். பிச்சையெடுத்தலே அவர்களுக்கு விதிக்கப்பட்ட தொழில். நகரத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, அம்மக்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தனர். பின்னர் சர்வோதயம் என்ற பெருநிறுவனமாக வளர்ந்தது அம்முயற்சியே. அந்நிறுவனத்தின் அரசியல் பற்றி நமக்குக் கருத்துவேறுபாடுகள் உண்டு. வர்க்கப் போராட்டத்தின் இடத்தில் நல்லெண்ணத்தை வைத்தது என்ற விமரிசனத்தை நாமும் ஏற்கிறோம். ஆயினும் முதற் சிரமதானம் ஒடுக்கப்பட்டவர்க்குத் துப்புரவைப் போதிக்கப் போனதன்று, அவர்களோடு கூடி வேலை செய்யப் போனது என்பதை மறக்கலாகாது. நாம் எமது மாணவனுக்குச் செய்தது நேர் எதிரானது.

மதிலுக்கு வருவோம். 2019 டிசம்பரிலே, சனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, நாடெங்கும் இளைஞர் கூடிச் சுவரொட்டிகளைக் கிழித்து மதில்களிலே சித்திரம் தீட்டினர். யாழ்ப்பாணத்திலும் அவ்வேலை நடந்தது. உற்சாகம் மெய்யானது. ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு கணம் நின்று வாசிப்பது நன்று என்பது ஆசிரியத் தொழிலிலே எமக்கு ஊறிய பழக்கம். சிகிரியாவின் கண்ணாடிச் சுவரிலே எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வந்துபோனோர் கீறிய பாட்டுகள் அறுநூற்றெண்பத்தைந்தைச் செனரத் பரணவிதான வாசித்து 1956இல் நூலாக வெளியிட்டார். சிங்கள மொழியின் பழைய வடிவத்தை அறிய அவை பெருஞ் செல்வம். அவற்றை எழுதியவருள் பிக்குவும் உண்டு, பிரபுவும் உண்டு, பெண்களும் உண்டு. அன்று யாரேனும் சுண்ணாம்பு வாளியோடு போயிருந்தால் அச்செல்வம் நமக்கில்லை. அதே சுவரிலே 2015இல் மட்டக்களப்பு மாவட்டத்து ஏழைப் பெண்ணொருத்தி தன் பெயரைக் கீறினாள். அவளுக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெருங் கூக்குரல் எழுந்தபின் சனாதிபதியின் மன்னிப்பால் வெளியே வந்தாள். தொல்பொருளைக் கீறுவது தவறு, அதிலே ஐயமில்லை. அச்சுவர் எத்தகையது என்று அவளுக்குத் தெரிந்த மொழியிலே, தெரியும் முறையிலே யாரேனும் சொன்னார்களா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

எமது பூங்காவின் மதிலிலே சிகிரியாப் பாட்டுகள் எவையும் இருக்கவில்லை. காதலர் பெயர்களையும் ஏச்சையும் மனச்சாட்சி உறுத்தாமலே அழித்தோம். மூலையொன்றில், பழைய சுண்ணாம்பு பெயர்ந்த இடத்திலே, செங்காவி நிறத்தில் ‘ஒழிக’ என்ற ஒரு சொல் மட்டும் எஞ்சியிருந்தது. முன்னிருந்த சொல்லை மழை தின்றுவிட்டது. எழுத்தின் வடிவைப் பார்த்தால் பல பத்தாண்டுக்கு முந்தியது. “எது ஒழிய வேணும், சேர்?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள், எல்லோரும் சிரித்தனர். அச்சடிக்கப் பணமில்லாதவனுக்குச் சுவரே பத்திரிகையாக இருந்த காலத்தைப் பற்றி அவர்களுக்குச் சொன்னோம். தீண்டாமையோ, அடக்குமுறையோ, தொழிற் சட்டமோ, எதுவாகவும் இருந்திருக்கலாம். அந்த மூலையைச் சுண்ணாம்பு பூசாமல் விட்டோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் பின்னர் வந்து, வேலை அரைகுறை என்று குறைபட்டுக்கொண்டார்.

இன்னுமொன்று. பூங்காக் குப்பையை மூட்டையாகக் கட்டி வீதியோரத்திலே வைத்துவிட்டால் அது மறைந்துவிடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். அது மறைவதில்லை, எளியவரின் வாசலுக்குப் போகிறது. கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லையிலே மலையாகக் குவிந்து, 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டன்று, சரிந்து வீடுகளைப் புதைத்தது; முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரிலே உணவு சுற்றும் பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. சட்டத்தை நகர்த்த அத்தனை பிணங்கள் தேவைப்பட்டன. யாழ்ப்பாண நகரத்தின் குப்பை கல்லுண்டாய் வெளிக்குச் செல்கிறது. அவ்வெளியின் அயலிலே குடியேற்றப்பட்டவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர்.

குப்பை எல்லாம் சிறுவர் எறிந்த யோகட் கோப்பை மட்டுமன்று என்பதையும் இவ்விடத்திலே சொல்லிவைக்கவேண்டும். ஆறில்லாத எமது குடாநாட்டுக்குச் சுண்ணக்கல்லின் கீழ் உள்ள நீரே உயிர். செம்மண்ணிலே வெட்டிய கிணறுகளை நம்பியே புகையிலையும் வெங்காயமும் மரவள்ளியும் மனிதரும் வாழ்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் சுன்னாகத்து மின்நிலையச் சூழலிலே கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டோர்க்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டுமென 2019 ஏப்பிரலிலே தீர்ப்பாயிற்று. சனிக்கிழமைச் சிரமதானத்தாலே கிணற்று எண்ணெயை அள்ளமுடியாது. அதற்கு வேறுவகை ஒற்றுமை வேண்டியிருந்தது. சற்றேனும் அது கிடைத்தது. பூங்காவைத் துப்புரவு செய்யவேண்டாம் என்பதன்று எமது கருத்து. போத்தல் எறிந்த பிள்ளையைக் கண்டிப்பதிலே காட்டும் முனைப்பில் ஒரு பங்கையாவது, அப்போத்தலை இலட்சக்கணக்கிலே செய்து விற்று இலாபம் காண்பவனிடமும் காட்டவேண்டும் என்கிறோம்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பின்வந்த திங்கட்கிழமை குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் வந்தது. நாம் கட்டி வைத்த மூட்டைகள் பதினான்கு. படமும் எடுத்து வைத்திருந்தோம். மூட்டைகளிலே எதையும் நாம் பிரித்துக் கட்டவில்லை; சாராயப் போத்தலின் சில்லுகளும் யோகட் கோப்பைகளும் ஒன்றாகவே கிடந்தன. கையுறையின்றி ஏற்றிய தொழிலாளி ஒருவரின் உள்ளங்கை கிழிந்தது. தையல் போடவேண்டியதாயிற்று என்றும், தினக்கூலிக்காரர் ஆதலால் இரண்டு நாட் சம்பளம் போயிற்று என்றும் அறிந்தோம். அறிவித்தவன் படலையடியிலே நின்ற அதே மாணவன். “சித்தப்பா, சேர்” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

நாம் மருந்துச் செலவும் இரண்டு நாட் கூலியும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனோம். அவர் கூலியை வாங்கிக்கொண்டார். மருந்துக்கு ஆசுபத்திரியிலே காசு எடுப்பதில்லையே என்று மிகுதியைத் திருப்பித் தந்தார். போத்திலைப் பிறிம்பாய் வையுங்கோ, எங்களுக்குத் தெரியக்கூடியதாய் வையுங்கோ என்றார்.

அடுத்த மாதம் மீண்டும் பூங்காவுக்குப் போனோம். விளக்குமாறு யார் எடுப்பது என்று இம்முறை யாரையும் நாம் குறித்துவிடவில்லை. ஆசிரியர் மூவரும் முதலில் எடுத்தோம். அந்த மாணவனும் வந்திருந்தான். கண்ணாடிக்கென்று தனியே ஒரு பழைய பெட்டி கொண்டுவந்திருந்தோம். அவன் தூரிகையைச் சுண்ணாம்பிலே தோய்த்து, பெட்டியின் நான்கு பக்கமும் ‘கண்ணாடி – கை கவனம்’ என்று பெரிதாக எழுதினான்.